வெள்ளைப் பொடி வந்துவிட்டது, ஜியோலைட் வந்ததா? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழிமுறை

"அக்கா, வெள்ளையாத்தான் வந்திருக்கு."

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆட்டோகிளேவை (அழுத்தம் தாங்கும் மூடிய கலன்) திறந்ததும் சொல்வது இதுதான். நாம் தேடுவது ஜியோலைட், அதாவது மூலக்கூறு அளவுத் துளைகள் கொண்ட அலுமினோசிலிகேட் படிகம். வெள்ளையாக வருவதில் ஒன்றுமே இல்லை. படிகமாகாத ஜெல்லும் வெள்ளை, சோடலைட்டும் வெள்ளை, பொடித்த குவார்ட்ஸும் வெள்ளை. கைக்கு வந்தது என்ன என்பதை எக்ஸ்ஆர்டி என்ற எக்ஸ் கதிர் அளவீடுதான் சொல்லும்: ஒவ்வொரு படிகமும் தனக்கே உரிய கோணங்களில் பீக் காட்டும். கீழே பீக்குக்குச் சொல்லும் டிகிரி அந்தக் கோணம், சூடு அல்ல. எக்ஸ்ஆர்டி நல்லதாக இல்லையென்றால் எங்கே கை வைப்பது என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

இரண்டு மூலக்கூறு சல்லடைகளை வைத்தே பேசுகிறேன். ஒன்று, 4ஏ என்று கடையில் விற்கும் சோடியம் ஏ ஜியோலைட். 100 டிகிரி போதும், டெம்ப்ளேட் வேண்டாம், மூன்று நான்கு மணி நேரத்தில் முடியும். இன்னொன்று இசட்எஸ்எம்-5. டிபிஏ (டெட்ராபுரொப்பைல்அம்மோனியம்) என்ற கரிம அயனியை டெம்ப்ளேட்டாக, அதாவது படிகம் தன்னைச் சுற்றி வளர்வதற்கான அச்சாக வைத்து, 170 டிகிரி வாக்கில் ஓரிரு நாள் வேகவைப்பது. மொபில் நிறுவனத்தின் காப்புரிமை 1972-இல் வந்தது. அன்றிலிருந்து ஆய்வகங்கள் இதைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கின்றன, தப்பு செய்வதும் நின்றபாடில்லை. இந்த இரண்டிலும் கை பழகினால் மற்ற ஜியோலைட்டுகளின் கோளாறுகள் பெரும்பாலும் பிடிபடும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஜியோலைட் என்பது வினையின் முடிவு அல்ல, நடுவழி. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவது மாதிரி. பதம் வருவதற்கு முன் இறக்கினால் தண்ணீராக இருக்கும், விட்டால் முறுகிவிடும். ஜெல் முதலில் நிலைத்தன்மை குறைந்த, துளை அதிகமுள்ள படிகமாகிறது. விட்டால் இன்னும் நெருக்கமாக அடுக்கிய படிகமாக மாறுகிறது. ஏ ஜியோலைட்டை அடுப்பில் மறந்துவிட்டால் சோடலைட் கிடைப்பது இதனால்தான். கீழே வரும் பாதிக் கோளாறுகள் பதம் தவறிய கோளாறுகள். மீதிப் பாதியில் பொருள் நன்றாகவே வந்திருக்கும், அளந்த விதத்தில் தப்பு இருக்கும். எனவே செய்முறையை மாற்றுவதற்கு முன் அளவீட்டைச் சந்தேகப்படுங்கள்.

பீக் எதுவும் இல்லை, 20 முதல் 30 டிகிரி வரை ஒரு மேடு மட்டும்

முதலில் காலி ஹோல்டரை வைத்து ஒரு ஸ்கேன் எடுங்கள். கண்ணாடி ஸ்லைடில் பொடியை மெலிதாகப் பரப்பியிருந்தால் அந்த மேடு கண்ணாடியுடையதாக இருக்கலாம். ஒருமுறை இரண்டு வாரம் செய்முறையோடு மல்லுக்கட்டிய பிறகுதான் எனக்கு இது தோன்றியது.

அடுத்து, ஸ்கேன் எங்கே தொடங்கியது? பொதுக் கருவிக்கூடத்தில் கொடுத்தால் பல நேரம் 10 டிகிரியிலிருந்து எடுத்துத் தருவார்கள். உலோக ஆக்சைடுக்கு அது போதும். நமக்குப் போதாது. செப்பு இலக்கிலிருந்து வரும் எக்ஸ் கதிரில் ஏ ஜியோலைட்டின் முதல் பீக் 7.2, இரண்டாவது 10.2. இசட்எஸ்எம்-5-இன் முக்கியமான இரட்டை 7.9, 8.8. ஆகவே 5 டிகிரியிலிருந்து எடுக்கச் சொல்லிச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் மேடுதான் என்றால், அது வேகாத ஜெல். மேட்டின் மேல் சின்னச் சின்னப் பீக் தலைகாட்டினால் நல்ல செய்தி: நேரம் போதவில்லை, அவ்வளவுதான். ஒன்றுமே இல்லையென்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

அடுப்பின் முகப்பில் 170 என்று காட்டுவதை நம்பாதீர்கள். உள்ளே ஆட்டோகிளேவ் இருக்கும் தட்டில் ஒரு தனி தெர்மோகப்பிளை வைத்துப் பாருங்கள். பழைய அடுப்புகளில் 10, 15 டிகிரி வித்தியாசம் சாதாரணம். தடித்த எஃகு உறையும் அதற்குள் டெஃப்லான் குடுவையும் சூடாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதையும் கணக்கில் சேருங்கள். நான்கு மணி நேரச் செய்முறையில் ஒன்றரை மணி நேரம் வெறும் சூடேறுவதிலேயே போனால், படிகம் வளர மிச்சம் என்ன இருக்கும்? இரவில் மின்சாரம் போய்வந்ததா என்பதையும் விசாரியுங்கள். சில அடுப்புகள் மின்சாரம் திரும்பியதும் தானாக ஓடாது. காலையில் போய்ப் பார்த்தால் வெதுவெதுப்பாக நிற்கும்.

அடுத்தது கசிவு. அடுப்பில் வைக்கும் முன்னும், குளிர்ந்து எடுத்த பின்னும் ஆட்டோகிளேவை அப்படியே தராசில் வையுங்கள். சில கிராம் குறைந்தால் மூடி ஒழுகியிருக்கிறது, உள்ளே தண்ணீர் விகிதமே வேறாகியிருக்கிறது. குடுவையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பவே கூடாது. சூடாக இருக்கும்போது இறுக்கவும் கூடாது, திறக்கவும் கூடாது, முழுதும் ஆறட்டும்.

இசட்எஸ்எம்-5-க்கு சிலிக்கா மூலமாக டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட் எடுத்தவர்களுக்குத் தனியாக ஒரு கேள்வி: எத்தனாலை வெளியேற்றினீர்களா? இந்தச் சேர்மத்தின் ஒரு மூலக்கூறு நீராற்பகுப்பில் நான்கு எத்தனாலைத் தரும். 20.8 கிராம் ஊற்றினால் 18.4 கிராம் எத்தனால். அவ்வளவும் ஆட்டோகிளேவுக்குள் போனால் அழுத்தமும் கூடும், படிகமாகும் வேகமும் மாறும். 80 டிகிரியில் திறந்து வைத்துக் கிளறி எத்தனாலைப் போக்கி, ஆவியான தண்ணீரைத் திரும்ப ஊற்றி எடையைச் சரிசெய்த பிறகே மூடுங்கள்.

பீக் கூர்மையாக இருக்கிறது, ஆனால் கேட்டது இதுவல்ல

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பீக்குகளை ஒப்பிடப் பன்னாட்டு ஜியோலைட் சங்கத்தின் இணையத் தரவுத்தளம் இருக்கிறது; ஒவ்வொரு கட்டமைப்புக்கும் மூன்றெழுத்துக் குறியீடும் கணக்கிட்ட எக்ஸ்ஆர்டி வரைபடமும் கிடைக்கும். சரிபார்த்த செய்முறைகளும் அங்கேயே இருக்கின்றன. ஆய்வுக் கட்டுரையின் இரண்டு வரிச் செய்முறையை நம்பி இறங்குவதைவிட முதலில் அங்கிருந்து ஒன்றைச் செய்து கை பழகிக்கொள்வது மேல்.

ஏ ஜியோலைட்டில் கலப்பாக வருவது இரண்டு பேர். சோடலைட் வந்தால் 14.1, 24.5 பக்கம் பீக் தெரியும். நேரம் அல்லது காரம் அதிகம் என்று பொருள். நேரத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் சோடியம் ஹைட்ராக்சைடைக் குறையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போகும்.

இன்னொருவர் பி ஜியோலைட். இவர் கள்ளன். இவருடைய 12.5, 21.7 பீக்குகள் ஏ ஜியோலைட்டின் 12.5, 21.7 பீக்குகளின் மேலேயே அச்சாக உட்கார்ந்துகொள்ளும். மேலோட்டமாகப் பார்த்தால் ஏ என்றே தோன்றும். 17.7-இலும் 28.1-இலும் பாருங்கள், ஏ ஜியோலைட்டுக்கு அந்த இடங்களில் வேலை இல்லை. அங்கே பீக் எழுந்தால் பி வந்துவிட்டார். எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் எடுத்தால் இன்னும் எளிது: ஏ ஜியோலைட் கனசதுரம் கனசதுரமாக, சில நேரம் முனை மழுங்கிய சர்க்கரைக் கட்டிபோல இருக்கும். பி ஜியோலைட் நூல்கண்டு மாதிரி உருண்டை.

மேலே 'வெள்ளையாத்தான் வந்திருக்கு' என்ற தம்பிக்கு வந்தது இந்தக் கலப்புதான். காரணம் தேடி நேரம், வெப்பநிலை, கிளறும் வேகம் எல்லாம் மாற்றிப் பார்த்தார். கடைசியில் குற்றவாளி அலமாரியில் இருந்தது. செய்முறை சொன்னது ஐந்து நீர் மூலக்கூறுகள் கொண்ட சோடியம் மெட்டாசிலிகேட், எடை 212. பாட்டிலில் இருந்தது நீரற்றது, எடை 122. அதே 15 கிராமைப் போட்டதில் சிலிக்கா ஏறக்குறைய 1.7 மடங்காகிவிட்டது. சிலிக்கானும் அலுமினியமும் ஒன்றுக்கொன்று என்று வர வேண்டிய பொருளில் சிலிக்கா இவ்வளவு ஏறினால் கட்டமைப்பு வேறு பக்கம் சாயாமல் என்ன செய்யும்? ஒன்பது நீர் கொண்ட பாட்டில் என்றால் இதற்கு நேர்மாறு, சிலிக்கா கால் பங்கு குறையும். மூன்றின் பெயரும் லேபிளில் ஏறக்குறைய ஒன்றுதான், சின்ன எழுத்தில்தான் வித்தியாசம்.

சோடியம் அலுமினேட் இதைவிட மோசம். எந்த பாட்டிலும் வாய்ப்பாட்டில் எழுதியபடி இருப்பதில்லை. காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் இழுத்துக்கொண்டே இருக்கும். சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். போன மாதம் அருமையாக வந்தது, இந்த மாதம் அதே செய்முறையில் வரவில்லை என்பவர்கள் முதலில் இந்த பாட்டிலை எடுத்துப் பாருங்கள். கட்டி தட்டியிருந்தால், கரைக்கும்போது அடியில் கரையாத கசடு நின்றால், புதியதை உடையுங்கள். உடைத்த அன்றைக்கே தேதியை எழுதி ஒட்டுங்கள்.

இசட்எஸ்எம்-5-இல் கதை கொஞ்சம் வேறு. 9.8, 22.2, 25.6-இல் பீக் வந்தால் மோர்டனைட் என்ற வேறொரு ஜியோலைட். அலுமினியம் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள், அல்லது டெம்ப்ளேட் போதவில்லை. டெம்ப்ளேட்டே இல்லாமல் செய்யும் முறையில் இந்தத் தொல்லை சர்வசாதாரணம், ஏனென்றால் அங்கே சிலிக்கான்-அலுமினிய விகிதத்துக்கு இடைவெளி மிகவும் ஒடுக்கம். 26.6-இல் ஒற்றைக் கூர்ப்பீக் தலைதூக்கினால் குவார்ட்ஸ். பதம் தாண்டி முறுகிவிட்டது.

ஒய் ஜியோலைட் செய்யப் போய் பி கிடைத்தவர்களுக்கு: ஜெல்லை அறை வெப்பநிலையில் ஒரு நாள் அசையாமல் ஊற விட்டீர்களா? இட்லி மாவைப் புளிக்க விடாமல் ஊற்றுவது போலத்தான் இதுவும். ஊறும்போதுதான் ஒய் ஜியோலைட்டின் கரு உருவாகிறது. அடுப்பில் இருக்கும்போது கிளறவும் கூடாது. கிளறினால் பி பக்கம் சாயும்.

செய்முறை சரி, பாட்டில் சரி, ஆனாலும் வேறு படிகம் வருகிறதா? குடுவையின் பழைய கணக்கைக் கேளுங்கள். டெஃப்லானின் கீறல்களில் போன தடவையின் படிகத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் புது ஜெல்லுக்கு விதையாக வேலை செய்யும். வீட்டில் தோசைக்கல்லையும் சப்பாத்திக்கல்லையும் தனித்தனியாக வைத்திருப்பார்களே, அதே மாதிரி ஒவ்வொரு ஜியோலைட்டுக்கும் ஒரு குடுவை ஒதுக்குங்கள். ஒதுக்க முடியாவிட்டால் அடர்ந்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊற்றி மூடி 150 டிகிரியில் ஓர் இரவு விட்டுக் கழுவுங்கள். ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தால் கழுவச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். கல்லூரி ஆய்வகத்தில் அது வேண்டாம், காரமே போதும்.

அனல்மின் நிலையச் சாம்பலிலிருந்து ஜியோலைட் செய்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. அவர்களுக்கு 26.6-இல் குவார்ட்ஸும், 16.4-இலும் 26 பக்கத்திலும் முல்லைட் என்ற அலுமினிய சிலிகேட்டும் கடைசிவரை கூடவே வரும். அது வினையில் உண்டான கோளாறு அல்ல, சாம்பலிலேயே இருந்தது கரையவில்லை. வெறும் காரக் கரைசலில் வேகவைப்பதற்கு முன், சாம்பலைத் திட சோடியம் ஹைட்ராக்சைடோடு அரைத்து 550 டிகிரியில் உருக்கி எடுத்தால் பெரும்பகுதி கரைந்துவிடும்.

கழுவக் கழுவப் பொடி வடிதாளைத் தாண்டிப் போகிறது

முதலில் தெளிவாக வடிந்த நீர், மூன்றாவது நான்காவது கழுவலில் பால் போல வரும். படிகம் மிகச் சிறியது என்று பொருள். உப்பும் காரமும் இருக்கும்வரை துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. தூய நீர் பட்டதும் பிரிந்து மிதக்கின்றன. பயப்பட ஒன்றுமில்லை, சென்ட்ரிஃபியூஜுக்கு மாற்றுங்கள். ஏ ஜியோலைட்டுக்குக் கழுவிய நீரின் பிஎச் 9-க்குக் கீழ் வந்தால் போதும். 7 வரும்வரை கழுவுகிறேன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

சுட்ட பிறகு பொடி சாம்பல் அல்லது பழுப்பு

டெம்ப்ளேட் எரிந்து முடியாமல் கரியாகத் துளைக்குள் நிற்கிறது. 550 டிகிரி வரை நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏற்றி, ஐந்தாறு மணி நேரம் பிடியுங்கள். மூசையில் குவித்து வைக்காமல் அகலக் கிண்ணத்தில் மெலிதாகப் பரப்புங்கள். காற்று போய்வர வேண்டும். மஃபிள் ஃபர்னஸை மூடிய அறையில் வைத்துச் சுடாதீர்கள். வெளிவரும் அமின் வாடை தலைவலியோடு நிற்காது.

நிறம் வெளுத்தாலும் எடையைக் கேளுங்கள். இசட்எஸ்எம்-5-இன் ஒரு யூனிட் செல்லில் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கட்டம்) நான்கு டிபிஏ உட்காரும். அது மொத்த எடையில் 11 முதல் 12 சதவீதம். உலர்ந்த பொடி சுட்டதும் 6 சதவீதம்தான் குறைந்தது என்றால், ஒன்று கரி மிச்சமிருக்கிறது, இல்லையென்றால் ஆரம்பத்திலிருந்தே பாதி ஜெல்தான். வெப்ப எடைப் பகுப்பாய்வு இல்லாத ஆய்வகத்திலும் நான்கு தசமத் தராசு இருக்குமே, அதில் பார்த்துவிடலாம்.

இளமஞ்சளாகவோ வெளிர் சிவப்பாகவோ இருந்தால் கரி அல்ல, இரும்பு. மூலப்பொருளைப் பாருங்கள்.

சுட்டதும் எக்ஸ்ஆர்டி மாறிவிட்டது

இசட்எஸ்எம்-5-இல் 7.9, 8.8 பீக்குகள் சட்டென்று உயரும். படிகத்தன்மை கூடிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். துளைக்குள் இருந்த டெம்ப்ளேட் போனதால் வந்த உயரம் அது. அலுமினியம் மிகக் குறைவாக இருந்தால் 24.4-இல் ஒற்றையாக இருந்த பீக் இரண்டாகவும் பிரியலாம். படிகச் சமச்சீர் மாறியதன் அடையாளம், சேதமல்ல. படிகத்தன்மையை ஒப்பிட வேண்டுமென்றால் சுட்டதைச் சுட்டதோடு, சுடாததைச் சுடாததோடு, 22.5 முதல் 25 வரையிலான பீக்குகளின் பரப்பை வைத்து ஒப்பிடுங்கள்.

நைட்ரஜன் பரப்பளவு கேவலமாக இருக்கிறது

துளைகளுக்குள் நைட்ரஜன் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்த்துப் பரப்பளவு கணக்கிடும் அளவீடு இது. 4ஏ ஜியோலைட்டுக்குக் கிராமுக்கு 10 சதுர மீட்டர் வந்ததென்று ஒருவர் அழாத குறையாக வந்து நின்றார். அவருடைய எக்ஸ்ஆர்டி பாடப்புத்தகத்தில் போடலாம் போல இருந்தது. பொருளில் குறையே இல்லை. நைட்ரஜன் அளவீடு நடப்பது மைனஸ் 196 டிகிரியில். ஏ ஜியோலைட்டின் வாசல் 4 ஆங்ஸ்ட்ராம் வாக்கில். அதையும் சோடியம் அயனி மறித்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் குளிரில் நைட்ரஜன் உள்ளே நுழையவே முடியாமல் வெளிச்சுவரை மட்டும் அளந்துவிட்டுத் திரும்புகிறது. கால்சியம் குளோரைடு கரைசலில் அயனிப் பரிமாற்றம் செய்து 5ஏ ஆக்கி அளந்தால் வாசல் திறக்கும், எண் பல நூறுக்கு ஏறும். சோடிய வடிவத்திலேயே அளக்க வேண்டுமென்றால் பூஜ்ஜியம் டிகிரியில் கார்பன் டைஆக்சைடு வையுங்கள்.

இசட்எஸ்எம்-5-இல் இந்தச் சாக்கு செல்லாது. கிராமுக்கு 350-இலிருந்து 400 சொச்சம் வர வேண்டும், நுண்துளைக் கனஅளவு 0.18 கன செ.மீ. பக்கம். குறைந்தால் முதலில் வாயு நீக்கம் போதுமா என்று பாருங்கள்: வெற்றிடத்தில் 300 டிகிரி, ஆறு மணி நேரமாவது. அடுத்து, எந்த எடையைக் கணக்கில் போட்டீர்கள்? ஜியோலைட் என்ற பெயரே 'கொதிக்கும் கல்' என்ற கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. 1756-இல் கிரான்ஸ்டெட் ஒரு கனிமத்தைச் சூடாக்கியபோது அது நீராவி விட்டு நுரைத்ததைப் பார்த்து வைத்த பெயர். காற்றில் கிடந்த 4ஏ பொடியின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். குழாயில் போடும்போது எடுத்த எடையை வைத்துக் கணக்கிட்டால் விடையும் அதே அளவு குறையும். வாயு நீக்கிய பிறகு எடுத்த எடைதான் கணக்கு.

பிறகு அழுத்த எல்லை. கருவியின் மென்பொருள் பழக்கத்தில் சார்பு அழுத்தம் 0.05 முதல் 0.3 வரை எடுத்து பிஇடி கோடு (பரப்பளவு கணக்கிடும் நேர்கோடு) போடும். அது நடுத்துளைப் பொருளுக்கான எல்லை. நுண்துளைகள் அதற்கு வெகு முன்பே நிரம்பிவிடும். எல்லையை 0.05-க்குக் கீழே இறக்குங்கள். பிஇடி சமன்பாட்டின் சி மாறிலி எதிர்க்குறியாக வந்தால் அந்தக் கோட்டை வைத்து எழுதும் எண்ணுக்கு மதிப்பே இல்லை.

அமில வடிவத்துக்கு மாற்றியதும் படிகம் சரிந்துவிட்டது

அமில வடிவம் என்றால் சோடியத்தின் இடத்தில் ஹைட்ரஜன் அயனி உள்ளது. ஏ ஜியோலைட் என்றால் சரியத்தான் செய்யும். அலுமினியம் அவ்வளவு அதிகமுள்ள சட்டகம் அமில வடிவத்தைத் தாங்காது. அம்மோனியம் மாற்றிச் சுட்டால் மறுபடி அந்த மேடுதான்.

இசட்எஸ்எம்-5 உறுதியானது. ஒரு மோலார் அம்மோனியம் நைட்ரேட்டில் 80 டிகிரியில் மூன்று முறை மாற்றி, 500 டிகிரியில் சுட்டாலும் எக்ஸ்ஆர்டி அப்படியே நிற்கும். ஆனால் வினையூக்கத் திறன் மட்டும் குறைந்திருந்தால் அலுமினியம் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) எடுங்கள். 55 பிபிஎம் பக்கம் இருப்பது சட்டகத்தில் உள்ள அலுமினியம். பூஜ்ஜியத்தில் புதிதாக ஒரு பீக் முளைத்திருந்தால் கொஞ்சம் சட்டகத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. ஈரப் பொடியை ஆழமான மூசையில் குவித்து வேகமாகச் சூடேற்றினால், அதன் சொந்த நீராவியே அலுமினியத்தைப் பிடுங்கிவிடும். ஒய் ஜியோலைட்டில் இதே நீராவி வேலையை வேண்டுமென்றே செய்துதான் பெட்ரோலிய ஆலைகளுக்கான உறுதியான வடிவத்தைத் தயாரிக்கிறார்கள். நமக்கு வேண்டாத இடத்தில் அது நடக்காமல் இருக்க, பொடியை 110 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, கிண்ணத்தில் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் தடிக்காமல் பரப்பிச் சுடுங்கள்.